உடலில் தனித்தனிப் பாடங்கள் இல்லை
(அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



உறுப்பு மண்டலங்கள் பாடத்தை எப்படி நடத்துவது என்று பேச அழைத்திருக்கிறீர்கள். நான் எங்கே தவறினேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். செரிமான மண்டலம், சுவாச மண்டலம், இரத்த ஓட்ட மண்டலம் என எதைக் கேட்டாலும் படம் வரைந்து பாகம் குறித்துவிடுவாள். ஆனால் மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கும். பிற்பகலில் மேசையில் தலை சாய்த்துவிடுவாள். சோம்பேறித்தனம் என்று நான் பலமுறை கடிந்துகொண்டேன். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு பரிசோதித்தபோது அவளுடைய ஹீமோகுளோபின் 8 கிராம். அந்த வயதில் 100 மில்லி இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தாலே இரத்த சோகை.

மறுநாள் அவள் கேட்டாள்: "டீச்சர், என் நுரையீரல் நல்லாத்தானே இருக்கு? இரத்தம் குறைஞ்சா மூச்சு ஏன் வாங்குது?"

முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு விடை தெரியவில்லை. மண்டலங்களைத் தனித்தனியே நடத்திய நான், அவற்றை இணைத்துக் காட்டவே இல்லை.

அன்று கரும்பலகையில் படம் போடாமல், ஆக்சிஜன் செல்லும் வழியைப் பேசினோம். நுரையீரல் காற்றை இழுக்கிறது. காற்று நுண்ணறைகளிலிருந்து ஆக்சிஜனை ஏற்றிச் செல்வது சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின். அதன் ஒரு மூலக்கூறில் 4 இரும்பு அணுக்கள் உள்ளன. அவை 4 ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சுமக்கும். இரும்பு குறைந்தால் சுமப்பதற்கு ஆள் குறையும். தசைக்குத் தேவையானது போய்ச் சேராது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கும்; மூச்சும் வேகமாகும்.

அந்த இரும்பு எங்கிருந்து வருகிறது? உணவிலிருந்து, சிறுகுடலின் முன்பகுதி வழியாக. சிவப்பணு எங்கே உருவாகிறது? எலும்பு மஜ்ஜையில். ஒரு மூச்சு வாங்கலுக்குள் செரிமானம், எலும்பு, இரத்தம், சுவாசம், தசை எல்லாம் வந்துவிட்டன.

கொக்கிப்புழுவையும் இங்கே சொல்லலாம். அதன் இளம்புழு வெறுங்காலின் தோல் வழியே நுழைகிறது. சிரை வழியாக இதயத்தின் வலப்பக்கம், அங்கிருந்து நுரையீரல், பிறகு மூச்சுக்குழல் வழியே மேலேறித் தொண்டை. விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைந்து, அங்கே ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. நாம் நான்கு பாடங்களில் நடத்துவதை அந்தப் புழு ஒரே பயணத்தில் கடந்துவிடுகிறது. காலில் செருப்பு, கழிப்பறைப் பயன்பாடு, குடற்புழு நீக்க மாத்திரை ஆகியவற்றின் காரணம் அப்போது பிள்ளைகளுக்குத் தானாகவே புரியும்.

இப்போது நான் இந்தப் பாடத்தை நாடித்துடிப்பிலிருந்து தொடங்குகிறேன். அமர்ந்தபடி மணிக்கட்டில் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கச் சொல்வேன். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடிய பின் மீண்டும் எண்ணுவார்கள். உடல்நலக் குறைவுள்ள பிள்ளைகள் ஓட வேண்டாம், நேரத்தைக் கணக்கிடட்டும். பிறகு ஒரே கேள்வி: "துடிப்பு ஏன் கூடியது?" விடை தேடும்போது மண்டலங்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும்.

வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே வீசும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். "சாப்பிடு" என்று அதட்டுவதைவிட, அதிலுள்ள இரும்பு எங்கே போகிறது என்று தெரிந்தால் விழுங்குவார்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம், நெல்லிக்காயோ எலுமிச்சையோ இரும்பை உடல் ஏற்க உதவும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். நோயைக் கண்டறிவது நம் வேலை அல்ல. சோர்ந்திருக்கும் பிள்ளையை வகுப்பின் முன் சுட்டிக்காட்டவும் கூடாது. தனியே அழைத்துப் பேசி, பெற்றோரிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால் போதும்.

அந்த மாணவி சில மாதங்களில் தேறிவிட்டாள். அவளைக் கடிந்துகொண்ட வார்த்தைகளை மட்டும் என்னால் திரும்பப் பெற முடியவில்லை. நாளை உங்கள் வகுப்பில் மேசையில் தலை சாய்க்கும் பிள்ளையிடம், திட்டுவதற்கு முன், "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். பாடம் அங்கிருந்தே தொடங்கட்டும்.