நோயாளிக்குச் சட்டத்தில் இடம் எங்கே?

(கொழும்பு வெள்ளவத்தையில் நடைபெற்ற கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



கஞ்சாவைப் பற்றி ஒரு சட்டத்தரணி மேடையேறிப் பேசுகிறார் என்றவுடன், கள்ளக்கடத்தற்காரருக்குப் பரிந்து பேச வந்துவிட்டார் என்று சிலர் எண்ணக்கூடும். அவர்கள் அஞ்ச வேண்டாம். பாக்கு நீரிணையைக் கடந்து வடகரையில் பொதி பொதியாக வந்திறங்கும் ‘கேரளக் கஞ்சா’ நம் இளைஞரை என்ன பாடுபடுத்துகிறது என்பதை நான் அறிவேன். அந்த வியாபாரிகளுக்காக ஒரு சொல்லும் சொல்லேன். நான் பேச வந்தது நோயாளியைப் பற்றி.

இந்நாட்டில் கஞ்சா முற்றாக விலக்கப்பட்ட பொருள் என்று நம்மிற் பலர் நினைத்துக்கொண்டிருக்கின்றனர். அப்படியன்று. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் ஒரு கையால் தடுக்கிறது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் அமைந்த நிருவாகமோ மறு கையால் கொடுக்கிறது. அச்சட்டத்தில் ஆயுர்வேதம் என்னும் சொல் சித்தத்தையும் யுனானியையும் உள்ளடக்குமாதலால், நம் சித்த வைத்தியரும் அதற்குட்பட்டவரே. மருந்து செய்வதற்குக் கஞ்சாவை அரசின் வழியாகப் பெற அவர்களுக்கு இடமுண்டு.

அந்தக் கஞ்சா எங்கிருந்து வருகிறது? பொலிசார் கைப்பற்றி, நீதிமன்றத்திற் சான்றுப் பொருளாகக் கிடந்து, வழக்கு முடிந்தபின் ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனத்துக்கு ஒப்படைக்கப்படுவதே அது! நான்கைந்து ஆண்டுகள் கிடந்து வீரியம் கெட்ட சரக்கே வைத்தியர் கைக்கு வருகிறது என்று 2017இல் சுகாதார அமைச்சராயிருந்த ராஜித சேனாரத்னவே கூறினார். எதிரியின் கையில் நஞ்சாக இருந்த இலை, கூட்டுத்தாபனத்தின் உரலில் விழுந்ததும் மருந்தாகிவிடுகிறது. 2025இலோ, ஏற்றுமதிக்காக மட்டும் மீரிகமவில் இதனைப் பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர் எழுவருக்கு அனுமதி கிடைத்தது. ஆக, வைத்தியருக்கு ஒரு வழி. கூட்டுத்தாபனத்துக்கு ஒரு வழி. அந்நிய முதலாளிக்கு இராசபாட்டை. அம்மருந்தை உண்ணவேண்டிய நோயாளிக்கு எந்த வழி?

கொட்டாஞ்சேனையில் வாழும் ஒரு முதியவரை எண்ணிப் பாருங்கள். வைத்தியர் கொடுத்த இலேகியச் சிமிழோடு பேருந்தில் வருகிறார். பொலிசார் மறிக்கின்றனர். சிமிழ் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் போகிறது. ‘கஞ்சா உண்டு’ என்று அறிக்கை வரும். அது ஏன் உண்டு, யாருக்காக உண்டு என்று அறிக்கை சொல்லாது. அவருடைய வாக்குமூலமோ அவர் வாசிக்க அறியாத மொழியில் எழுதப்பட்டிருக்கும். நம் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி, தாம் விதிவிலக்குக்கு உட்பட்டவர் என்பதை எண்பிக்கும் சுமையும் அவர் தலையிலேயே விழும்.

மஹரகம மருத்துவமனையில் ஒரு புற்றுநோயாளிக்கு மருத்துவர் மோர்பீன் எழுதிக் கொடுத்தால் அவரை யாரும் மறிப்பதில்லை. மோர்பீன் அபினிலிருந்து பிறந்தது; கஞ்சாவினும் பன்மடங்கு ஆபத்தானது. 1910ஆம் ஆண்டின் அபின் சட்டத்தில், அபினுக்குப் பழகியவர்களையே வெள்ளைக்கார அரசு பதிவேட்டில் எழுதி அளந்து கொடுத்தது. அடிமை நாட்டில் அபின் உண்டவனுக்குக் கிடைத்த பதிவேடு, சுதந்திர நாட்டில் நோயாளிக்குக் கிடைக்கலாகாதா?

அமெரிக்கா இதே சிக்கலில் எப்படி அகப்பட்டது என்பதைப் பார்ப்போம். கலிபோர்னிய மக்கள் 1996இல் வாக்களித்து மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தனர். 2002இல் அம்மாநிலத்து நோயாளி ஒருவர் வீட்டில் ஆறு செடிகள் இருந்தன. உள்ளூர் அதிகாரிகள் பார்த்துவிட்டு, மாநிலச் சட்டப்படி குற்றமில்லை என்றனர். மத்திய அரசின் முகவர்களோ, மூன்று மணி நேர வாக்குவாதத்தின் பின் ஆறையும் பிடுங்கி அழித்தனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2005இல் ‘கொன்சாலெஸ் எதிர் ரெய்ச்’ வழக்கில் ஆறு நீதியரசர் மத்திய அரசின் பக்கமும் மூவர் மறுபக்கமும் நின்றனர், நோயாளி தோற்றார்.

சமஷ்டி இருந்தால் எல்லாம் தீரும் என்று நம்மில் எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். சமஷ்டியிலும் அதிகார எல்லை தெளிவாக இல்லாவிடில் அடிபடுபவன் குடிமகனே.

பின்னர் 2014 டிசம்பரில் அவர்களின் காங்கிரஸ் ஒரு தந்திரம் செய்தது. சட்டத்தைத் திருத்தவில்லை, பணப்பையைக் கட்டியது. மருத்துவக் கஞ்சாச் சட்டங்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்துவதைத் தடுக்க நீதித் திணைக்களம் ஒரு சதமும் செலவிடலாகாது என்று ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு வாசகத்தைச் சேர்த்தது. 2016இல் ‘மக்கின்டோஷ்’ வழக்கில் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாசகத்துக்கு உயிர் கொடுத்தது: மாநிலச் சட்டத்தை முற்றாகக் கடைப்பிடித்தவர் மீது அப்பணத்தில் வழக்கு நடத்த முடியாது. ஆனால் அதே தீர்ப்பில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. செயல் குற்றமாகவே நீடிக்கிறது. நாளை காங்கிரஸ் பணத்தை விடுவித்தால் இன்றைய செயலுக்கே வழக்கு வரலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய காவல் அது. மழைக்கு இரவல் குடை பிடித்தவன் நிலை போன்றது.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான முரண் உண்டு. 13ஆம் திருத்தத்தின்படி சுதேச வைத்தியம் மாகாண சபைப் பட்டியலில் இருக்கிறது. பொலிஸ் அதிகாரமோ ஏட்டில் பகிரப்பட்டும் நடைமுறையில் கொழும்பின் கையிலேயே இருந்து வருகிறது. மருந்து கொடுக்கும் கை ஒன்று. விலங்கு பூட்டும் கை வேறொன்று.

கஞ்சா சகல நோய்க்கும் சஞ்சீவி என்று நான் சொல்லவில்லை. அது புற்றுநோயைக் குணமாக்கும் என்பவரை நம்பாதீர்கள். ஆயினும் குழந்தைகளுக்கு வரும் கடும் வலிப்பு நோய்களுக்கு, அதிலிருந்து பிரித்த ஒரு மருந்தை அமெரிக்க மருந்து நிருவாகம் 2018இல் ஏற்றது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, 27க்கு 25 என்ற வாக்குகளால், மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்கியது.

ஆகவே நாம் கேட்பது இரவற் குடையன்று. கட்டளைச் சட்டத்தில் ஒரு பிரிவு. பதிவு பெற்ற வைத்தியர் கையெழுத்திட்ட சான்றும் மருந்தின் அளவும் நோயாளியிடம் இருக்குமானால், அச்சான்றே முதற்றோற்றச் சாட்சியமாகக் கொள்ளப்படல் வேண்டும். அது பொய்யென்று எண்பிக்கும் சுமை வழக்குத் தொடுநரைச் சாரல் வேண்டும். பொய்ச் சான்று எழுதும் வைத்தியர் பதிவை இழத்தல் வேண்டும். அதுவரை, இத்தகைய நோயாளி மீது வழக்குத் தொடரும் முன் தமது ஆலோசனையைப் பெறுமாறு சட்டமா அதிபர் பொலிசாருக்குச் சுற்றறிக்கை அனுப்பலாம். அதற்குப் பாராளுமன்றம் கூடத் தேவையில்லை.

பிரிவின் வரைவைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி இம்மேசைமேல் வைத்திருக்கிறேன். இங்குள்ள வைத்தியர்கள் அதைப் படித்து, சான்றில் என்னென்ன விவரம் இடம்பெற வேண்டுமென்று இன்றே எழுதித் தாருங்கள்.