சொற்குற்றமும் துளைக்குற்றமும்



நாகசுரமா, நாதசுரமா? நாகசுரமே பழம்பெயர் என்பர் ஒரு சாரார். நாதம் பிறப்பதால் நாதசுரம் என்பர் மற்றொரு சாரார். 2022இல் நரசிங்கம்பேட்டைக் கருவி நாகசுரம் என்னும் பெயராலேயே புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் வழக்கு ஓயவில்லை. பெயருக்கு வாதிடுவோர், அக்கருவியைச் செய்வோரின் சொற்களை அறிவரா? உலவு, அணசு, கெண்டை, சீவாளி ஆகியவற்றுள் எத்தனை இன்றைய கவிதைகளில் ஏறியுள்ளன?

ஆச்சா மரத்தைக் கடைந்து கையால் துளையிடுவதால் ஒரு கருவியைப்போல் மற்றொன்று அமைவதில்லை. விரல்களுக்கு ஏழு துளைகள். அவற்றின்கீழ் மேலும் ஐந்து. அவ்வைந்தை மெழுகால் அடைத்துச் சுருதியைத் திருத்துவர். எஞ்சிய குறையை மூச்சும் உதடும் விரலும் ஈடு செய்யும். விரல்துளையே இடம் பிறழ்ந்துவிட்டால் எந்த மெழுகும் உதவாது.

கவிதையிலும் குற்றம் இவ்விரு வகைப்படும். விடுபட்ட ஒற்று மெழுகால் தீர்வது. பொய்யுணர்ச்சியோ துளை பிறழ்ந்தது. முன்னதைச் சுட்டி இளங்கவிஞரின் வாயை அடைக்கும் அவை, பின்னதற்குக் கைதட்டுவதும் உண்டு. நக்கீரர் மரபினர் எனப் பெருமை கொள்வோர் ஒன்றை நினைவில் கொள்ளல் வேண்டும். திருவிளையாடற் கதையில் நக்கீரர் சொல்லில் குற்றம் இல்லை என்றார்; பொருளிலேதான் குற்றம் கண்டார். அவ்வழி நிற்பதே இவ்வவைக்கு அழகு.