நீளமான மீன் தொட்டியில் தண்ணீரும் கிரிவலம் வரட்டும்

(பேச்சின் எழுத்து வடிவம்)



இதைப் போனில் படிக்கிற உங்கள் வீட்டு ஹாலில் மீன் தொட்டி இருக்கா? நாலடி, ஆறடி நீளத் தொட்டியா? அப்படின்னா இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

எங்க வீட்டில் முதலில் இருந்தது ரெண்டடித் தொட்டி. பிரச்சினையே இல்லை. ஆசைப்பட்டு ஆறடித் தொட்டி வாங்கினோம். பழைய ஃபில்டரையே இடது மூலையில் மாட்டினோம். கோடை வந்தது. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் வலது மூலையில் மூன்று கோல்டுஃபிஷ் மிதக்குது. மற்றதெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. "தண்ணி சுத்தமாத்தானே இருக்கு, ஏன் செத்துச்சு?" என்று அக்கா மகள் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடினதில் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் உங்களிடம் சொல்லப் போறேன்.

ஏன் இப்படி ஆகுது?

மீன் மூச்சு விடுவது தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை வைத்து. அது பெரும்பாலும் தண்ணீரின் மேல்பரப்பு வழியாகத்தான் உள்ளே வருது. மேலே இருக்கிற தண்ணீர் கீழே போகணும், கீழே இருக்கிறது மேலே வரணும். அதுதான் சுழற்சி.

சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். நம்ம திருவண்ணாமலை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியில் செடி வளர்த்தால், ராத்திரியில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கும். அதனால்தான் விடியற்காலையில் மீன் திணறுது.

நீளத் தொட்டியில் ஃபில்டர் ஒரே மூலையில் இருந்தால், அது விடுகிற தண்ணீரையே திரும்ப உறிஞ்சிக்கும். மறு மூலை தேங்கிப் போகும். கழிவும் மிச்சத் தீனியும் அங்கே போய்ப் படியும், அழுகும். குளத்துக்கு வரத்து ஒரு பக்கம், போக்கு ஒரு பக்கம் என்று நம்ம முன்னோர் வைத்தது சும்மா இல்லைங்க.

முதலில் சோதிச்சுப் பாருங்க

தீனியைக் கொஞ்சம் பொடி பண்ணி, தண்ணீரில் நனைத்து, ஒரு சிட்டிகை விடுங்க. பொடி எங்கே ஓடுது, எங்கே நிக்குது என்று ரெண்டு நிமிஷம் போனில் வீடியோ எடுங்க. பொடி நிக்கிற இடம்தான் உங்க தொட்டியின் தேங்கல் இடம். ரெண்டு முனையிலும் தெர்மாமீட்டர் வைத்தும் பார்க்கலாம். வெப்பநிலை வேறுபட்டால் தண்ணீர் கலக்கவில்லை என்று அர்த்தம்.

எவ்வளவு பம்ப் வேணும்?

ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 380 லிட்டர் பிடிக்கும். மேலே கொஞ்சம் காலி விட்டு, கல்லும் போட்டால் 320 லிட்டர் என்று வைங்க. ஒரு மணி நேரத்தில் மொத்தத் தண்ணீரும் நாலைந்து தடவை சுற்றணும். அதாவது மணிக்கு 1,300 முதல் 1,600 லிட்டர். பெட்டியில் போட்டிருக்கிற லிட்டர் கணக்கு எந்தத் தடையும் இல்லாதபோது வருவது. ஸ்பான்ஜில் அழுக்கு சேர்ந்தால் குறையும். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்க.

ஒரே பெரிய பம்பை விட, ரெண்டு சின்னது நல்லது. ஒன்று பழுதானாலும் இன்னொன்று ஓடும்.

எங்கே வைக்கணும்?

பௌர்ணமி கிரிவலத்தை நினைச்சுப் பாருங்க. 14 கிலோமீட்டர் பாதை, லட்சக்கணக்கான ஜனம். ஆனாலும் நகருது. காரணம், எல்லோரும் வலமாக, ஒரே திசையில் போறாங்க. பாதிப் பேர் எதிரே வந்தால் என்ன ஆகும்? தொட்டியிலும் அதே கதைதான். ரெண்டு பம்பையும் எதிரெதிரே பார்க்க வைத்தால், நடுவில் முட்டிக்கிட்டு வேகம் செத்துப் போகும்.

ஒரு பம்பை இடது பின் மூலையில் வைத்து, பின் கண்ணாடியை ஒட்டி வலது பக்கம் அடிக்க விடுங்க. இன்னொன்றை வலது முன் மூலையில் வைத்து, முன் கண்ணாடியை ஒட்டி இடது பக்கம் அடிக்க விடுங்க. தண்ணீர் மொத்தமும் ஒரே வட்டமாக வலம் வரும். தண்ணீர் வெளியேறும் வாய் மேல்பரப்புக்குச் சற்றுக் கீழே, லேசாக மேல்நோக்கி இருக்கட்டும். மேலே சிற்றலை தெரியணும். உறிஞ்சுகிற வாய் அடியில் இருக்கணும்.

பம்ப் ஒன்றுதான் என்றால், பின்பக்கம் நீளத்துக்கும் அரை இஞ்ச் பி.வி.சி. பைப் மாட்டி, முனையை மூடி, 3 மில்லிமீட்டர் துளைகள் போடுங்க. 20, 25 துளை போதும். அதிகமானால் கடைசித் துளைகளில் வேகம் இருக்காது.

பெரிய கல், மரக்கட்டை எல்லாம் பின் கண்ணாடியை ஒட்டி வைக்காதீங்க. பின்னால் தண்ணீர் போக வழி விடுங்க.

ஆனால் வேகமும் அளவாக இருக்கணும். ஃபைட்டர் மீனுக்கும் நீளத் துடுப்புள்ள கோல்டுஃபிஷுக்கும் ஓட்டம் அதிகமானால் களைச்சுப் போகும். டேனியோ, பார்ப் வகைகள் ஓட்டத்தில் குஷியாக நீந்தும். எல்லா மீனும் ஒரே மூலையில் ஒதுங்கினால் வேகத்தைக் குறைங்க.

கரண்ட் விஷயத்தில் கவனம்

தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் இருக்கு. தொட்டியில் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்கிடுங்க. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி, வளைந்து மேலே ஏறட்டும். அப்போதான் ஒயரில் வழிகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லை என்றால், தொட்டிக்கு முன்னால் அதைப் போடுங்க.

செலவு? 15 வாட் பம்ப் ரெண்டு, நாள் முழுக்க ஓடினால் ரெண்டு மாசத்துக்குச் சுமார் 43 யூனிட். கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப் கைவசம் இருக்கட்டும். மின்தடைப் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987. ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைங்க. கீழே வைத்தால் கரண்ட் போகும்போது குழாய் வழியே தண்ணீர் இறங்கி வந்துடும்.

கடைசியாக ரெண்டு வார்த்தை

வளர்க்க முடியாத மீனைச் சமுத்திரம் ஏரியிலோ கோயில் குளத்திலோ விடாதீங்க. 'டேங்க் கிளீனர்' என்று விற்கிற சக்கர் மீன் அப்படித்தான் நம்ம நீர்நிலைகளில் பரவியது. கடையில் திருப்பிக் கொடுங்க, இல்லைன்னா வளர்க்கிறவங்களுக்குக் கொடுங்க.

இதையே தொழிலாகப் பண்ண நினைக்கிறவங்க, மீன்வளத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்க. 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், 3 லட்சம் ரூபாய் மதிப்பில் வீட்டுப் புறக்கடை வண்ணமீன் வளர்ப்பு அலகுக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் வைத்தாங்க. விண்ணப்பம் இப்போ வாங்குறாங்களா என்று கேட்டுட்டுப் போடுங்க.

எங்க தொட்டியில் இப்போ ரெண்டு பம்ப் ஓடுது. வலது மூலையிலும் மீன் விளையாடுது. அக்கா மகள்தான் வாரம் ஒரு தடவை தீனிப் பொடி விட்டுச் சோதிக்கிறாள். நீங்களும் இன்னைக்கு ராத்திரி ஒரு சிட்டிகை விட்டுப் பாருங்க.