நம் கதையை நாமே சொல்லவேண்டும்
(சந்தவாசல் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



நான் படிப்பாளியல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குழியில் இறக்கப்பட்டவன். காரணம், என் தகப்பனார் ஒரு முதலாளியிடம் வாங்கியிருந்த முன்பணம். ஆனால் வீட்டில் சொன்ன காரணமோ “தலையெழுத்து” என்பதுதான். நானும் முப்பது வயதுவரை அதையே சொல்லிவந்தேன்.

ஒருநாள் வெட்கத்தை விட்டு நாலுபேர் முன்னிலையில் கணக்கோடு சொன்னேன். உடனே மூன்றுபேர் எழுந்து, “எங்கள் சங்கதியும் இதேதான்” என்றார்கள். விசாரித்தால், மூவருடைய தலையெழுத்தும் ஒரே கையெழுத்து! அது பிரம்மாவின் கையெழுத்தல்ல; அந்த முதலாளியின் கணக்கப்பிள்ளையுடையது. நாங்கள் வாய்திறவாதிருந்தவரை இது வெளிப்பட்டதா?

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். தாசி வீட்டில் வளர்ந்து, அந்தத் தொழிலை உதறியவர் அவர். பொட்டுக்கட்டுவதைத் தெய்வத்தொண்டு என்றும், கலை என்றும் பிறர் புகழ்ந்துகொண்டிருந்த காலத்தில், உள்ளே நடப்பது இன்னது என்று 1936-ல் “தாசிகள் மோசவலை” என்ற நாவலில் எழுதிவிட்டார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலியோரும் பல்லாண்டு போராடி, 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. நாவலால் மட்டும் சட்டம் வந்ததென்று நான் சொல்லவில்லை. ஆனால் அனுபவித்தவளே பேசியபிறகு, “அவர்கள் சந்தோஷமாய்த்தான் இருக்கிறார்கள்” என்று பிறர் சொல்ல வழி ஏது?

அமெரிக்காவில் அடிமையாயிருந்து தப்பிய பிரடெரிக் டக்ளஸ் மேடையேறியபோது, “இவ்வளவு நன்றாய்ப் பேசுகிறவன் அடிமையாயிருந்திருப்பானா?” என்று சந்தேகித்தார்கள். அவர் 1845-ல் தம் எஜமானர்களின் பெயரையும் ஊரையும் குறித்துத் தம் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். பிடிபடும் அபாயம் இருந்தும் செய்தார். அழுதுகாட்டுவது கதையல்ல, பெயர், இடம், தொகை இவற்றோடு சொல்லுவதே சாட்சியமாகும்.

“வீட்டுச் சங்கதியை வெளியே சொன்னால் மானம் போகுமே” என்பீர்கள். யாருடைய மானம்? உழைத்தவன் மானமா, கணக்குக் காட்டாதவன் மானமா?

ஆகவே இன்றிரவே உங்கள் பிள்ளைகளை உட்காரவைத்து, வாங்கிய முன்பணம் எவ்வளவு, நெய்த சேலை எத்தனை, பிடித்த தொகை எவ்வளவு என்று சொல்லுங்கள். பிறகு அடுத்த வீட்டுக்காரரையும் கேளுங்கள். என் பேச்சையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் கணக்கோடு ஒத்துப்பாருங்கள்.