கூரைக்குத் தகரம் கேட்டு எந்தக் கதவைத் தட்டுவது?

(பதுளையில் நடைபெற்ற தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



மழைக்காலம் வந்துவிட்டால் நமது லயங்களில் சட்டியும் வாளியும் எங்கே வைப்பது என்பதுதான் இரவு வேலை. கூரை ஒழுகினால் நாம் யாரிடம் போகிறோம்? தோட்டத்து ஒப்பீசுக்குப் போகிறோம். துரை வருவார், பார்ப்பார், எழுதிக்கொள்வார். அடுத்த மழையும் வந்துவிடும்.

எல்லைக்கு அப்பால் உள்ள கிராமத்தார் அப்படியில்லை. பாதை, கான், தண்ணீர் என்றால் பிரதேச சபைக்குப் போகிறார். வீடு திருத்தக் கடன் என்றால் தேசிய வீடமைப்பு அதிகாரசபைக்குப் போகிறார். அவர் கையில் காணி உறுதி இருக்கிறது. நம் கையில் செக்ரோல் நம்பர்தான் இருக்கிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதை இன்று பேசுவோம்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் உருவாயின. நாமும் வாக்களித்தோம், நம் பிள்ளைகள் உறுப்பினர்களாகவும் போனார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் 33ஆவது பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்றார்கள். தோட்டம் கிராமம் அல்ல என்பதே அவர்கள் சொன்ன காரணம். வாக்கு எடுக்கும்போது நாம் பிரதேசத்து மக்கள். காசு ஒதுக்கும்போது கம்பனி ஆட்கள்! 30 ஆண்டுகளுக்கு மேல் இப்படிப் போனபின், 2018இல்தான் பாராளுமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியது. இன்று ஒரு செயலாளரோ தவிசாளரோ “தோட்டத்துக்குச் செய்ய சட்டம் இல்லை” என்றால், அது பழைய கதை. அதை நாம் ஏற்கத் தேவையில்லை.

“நீங்கள் வரி கட்டுவதில்லையே” என்றும் சிலர் கேட்பார்கள். பயிரிட்ட நிலத்துக்கு ஏக்கர் வரி அறவிடும் அதிகாரம் பிரதேச சபைக்கு உண்டு. அந்தத் தேயிலை நிலத்தில் உழைப்பது யார் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறோம். பிரதேச சபை உங்களுக்கு வீடு வாங்கப் பணம் தரும் இடமல்ல. லயத்துப் பாதை, கான், தண்ணீர்க் குழாய், தெரு விளக்கு இவைதான் அதனிடம் கேட்டுப் பெறவேண்டியவை. கான் சரியாக இருந்தால் சுவர் ஊறாது. சுவர் ஊறாவிட்டால் பாதி வீடு தப்பும். ஆகவே இது சின்ன விஷயம் அல்ல.

வீட்டுக்கான பணம் ஏன் வருவதில்லை? காணிதான் காரணம். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. நிலம் குத்தகையில் இருக்கிறது. லயம் நமக்குச் சொந்தமில்லை. நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், தொங்கல் காம்பராவில் இருந்த ஒரு குடும்பம் சீட்டுக் காசில் தகரம் வாங்கிப் போட்டது. அனுமதியில்லாமல் கை வைத்ததாக அவர்களுக்குக் கடிதம் வந்தது. ஒழுகினால் நிர்வாகத்துக்குத் தெரியாது, திருத்தினால் மட்டும் தெரிந்துவிடுகிறது.

1990களில் தோட்ட வீடமைப்புக் கடன் வந்தது. கூட்டுறவுச் சங்கம் வைத்து, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். வீடு கட்டினோம், கடனைக் கட்டினோம். ஆனால் பல குடும்பங்களிடம் இன்று இருப்பது சம்பளத் துண்டுதான், உறுதி இல்லை. உறுதி இல்லாத வீட்டை வங்கி ஈடாக எடுக்காது. எனவே எந்த வீட்டுத் திட்டம் வந்தாலும், முதல் கேள்வி “உறுதி யார் பெயரில், எப்போது?” என்பதாக இருக்கட்டும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் கேளுங்கள்.

இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், பின் 2017இல் நோர்வூட்டில் அறிவித்த மேலும் 10,000 வீடுகள். மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்கள் எல்லாவற்றையும் நினைத்துப் பாருங்கள், வரிசை நீளம். ஆகவே பயனாளிப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்பதில் நாம் கண் வைக்கவேண்டும். கட்சி பார்த்தோ சங்கம் பார்த்தோ பெயர் ஏறக்கூடாது. நமது சங்கம் உட்பட.

தோழர்களே, மீரியபெத்தையை மறக்க முடியுமா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக இடம் இல்லை. தப்பியவர்களுக்குப் புது வீடு கிடைக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. ஆகவே சரிவில் உள்ள லயத்துக்குத் தகரம் மாற்றுவது மட்டும் உதவி ஆகாது. முதலில் அந்த நிறுவனத்தின் அறிக்கையைக் கேளுங்கள். ஆபத்து என்றால் கேட்கவேண்டியது தகரம் அல்ல, மாற்றுக் காணி.

இனி வீடு போனதும் செய்யவேண்டியவை.

ஒன்று: லயம் லயமாக நடந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். எத்தனை காம்பரா, எத்தனை குடும்பம், எங்கே ஒழுகுகிறது, எங்கே வெடிப்பு. திகதி போட்டுக் கையொப்பம் வாங்குங்கள்.

இரண்டு: பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டம் ஆண்டு முடிவதற்குள் நிறைவேறிவிடும். ஜனவரியில் போய்க் கேட்டால் காசு பங்கு போட்டாகிவிடும். பசறையோ, ஹாலிஎலயோ, ஹல்துமுல்லையோ, உங்கள் வட்டார உறுப்பினரிடம் முன்கூட்டியே மனுவைக் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள்.

மூன்று: பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். சென்ற ஆண்டு தோட்டங்களுக்கு எவ்வளவு செலவானது என்ற ஒரு கேள்வி போதும்.

நான்கு: ஊழியர் சேமலாப நிதியில் 30 வீதம்வரை வீட்டுக்காக முன்கூட்டி எடுக்க வழி உண்டு. 10 ஆண்டு பங்களிப்பும், கணக்கில் 3 இலட்சம் ரூபாயும் இருக்கவேண்டும். ஆனால் அது கொழுந்துக்கூடை சுமந்து முதுமைக்காகச் சேர்த்த பணம். சொந்தமில்லாத லயத்துக்கு அதைக் கொட்டவேண்டாம். உறுதி கையில் வந்தபின் யோசியுங்கள்.

நாம் பிச்சை கேட்கவில்லை. நமது வாக்கும் உழைப்பும் சேர்ந்த பணத்தில் நமது பங்கைக் கேட்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தலைவியும் அந்தக் கொப்பியோடு வாருங்கள். அதிலிருந்து தொடங்குவோம்.