வேலைக்களைப்பு உடற்பயிற்சி ஆகாது



நான் வைத்தியரும் அல்ல, உடற்பயிற்சி ஆசிரியரும் அல்ல. சுவிசுக்கு வந்த நாள் முதல் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறவன். கோப்பை கழுவத் தொடங்கி, இன்று சமையற்காரனாக நிற்கிறேன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். என்னைப் போன்றவர்கள் உங்கள் வீடுகளிலும் இருப்பீர்கள் என்ற துணிவில்தான் பேச வந்தேன்.

2018ஆம் ஆண்டு இரத்தப் பரிசோதனையில் என்னுடைய மூன்று மாதச் சராசரிச் சீனி 6.2 என்று வந்தது. 6.5ஐத் தொட்டால் அது நீரிழிவு. வைத்தியர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. "நாளுக்குப் பத்து மணித்தியாலம் காலில் நிற்கிறேன். இதைவிட என்ன உடற்பயிற்சி?" என்று கேட்டேன்.

நேயர்களே, எங்களில் அதிகமானோர் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் வேலைக்களைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. டென்மார்க் ஆய்வாளர் அந்திரயாஸ் ஹோல்டர்மானும் அவருடைய சகாக்களும் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். ஓய்வு நேரத்தில் செய்யும் பயிற்சி இதயத்துக்குத் தரும் நன்மையை, பாரமான வேலை தருவதில்லை என்கிறார்கள். காரணம் விளங்கக்கூடியது. வேலையில் மணித்தியாலக் கணக்காக ஒரே இடத்தில் நிற்கிறோம், பாரம் தூக்குகிறோம், நினைத்த நேரத்தில் ஆற முடியாது. இரத்த அழுத்தம் நாள் முழுக்க உயர்ந்தே இருக்கும். பயிற்சியோ கொஞ்ச நேரம் இதயத்தை வேகமாக ஓடவிட்டு, பிறகு ஆறவிடுகிறது. சமையலறை எங்களுக்குத் தந்தது நாரி நோவும் முழங்கால் நோவும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தெற்காசிய உடலுக்கு நீரிழிவு குறைந்த நிறையிலேயே வந்துவிடுகிறது. அதனால் 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்கள் உடற்திணிவுச் சுட்டி 23 ஆகும்போதே கவனமெடுக்க வேண்டும் என்றது. 165 சென்ரிமீற்றர் உயரமான ஒருவருக்கு அது ஏறக்குறைய 63 கிலோ. "நான் அவ்வளவு மொத்தமில்லையே" என்று நாங்கள் ஆறுதலடைய முடியாது.

சரி, நான் என்ன செய்தேன்? எல்லாரையும் போல ஃபிட்னஸ் நிலையத்தில் ஒரு வருட அபோ எடுத்தேன். நாலு தரம் போனேன். பிறகு, "நேரமில்லை, நேரம் கிடைத்தால் செய்வேன்" என்றேன்.

நேரம் கிடைத்தது. 2020 மார்ச் நடுப்பகுதியில் கொரோனாவால் உணவகங்கள் எல்லாம் பூட்டப்பட்டன. மே 11ஆம் திகதி திரும்பத் திறக்கும் வரை வீட்டில் இருந்தேன். ஒரு நாளாவது ஒழுங்காக நடந்தேனா? இல்லை. ஒவ்வொரு நாளும், "இண்டைக்கு மனம் வரேல்லை, நாளைக்குப் பாப்பம்" என்றேன். அப்போது என் மகள் சொன்ன ஒரு வார்த்தை என்னைச் சுட்டது: "அப்பா, நீங்கள் வேலைக்குப் போக மனம் வருதோ எண்டு ஒருநாளும் பாக்கிறேல்லைத்தானே?"

உண்மை. காய்ச்சலோடும் வேலைக்குப் போனவன் நான். மனம் வந்து போகவில்லை. வேலைத்திட்டத் தாளில் பெயர் இருந்தது, போனேன். அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. எங்களுக்குக் குறைவாக இருந்தது நேரமும் அல்ல, மன உறுதியும் அல்ல. தாளில் ஒரு வரிதான் குறைவாக இருந்தது.

உணவக வேலை செய்பவர்களுக்கு "சிம்மர்ஸ்டுண்ட" என்றால் தெரியும். மதியம் இரண்டு மணிக்கு முடித்து, பின்னேரம் ஐந்து மணிக்குத் திரும்பப் போகும் இடைவெளி. அதில் ரிவி பார்த்துக்கொண்டு நித்திரை கொள்வதுதான் என் வழக்கம். இப்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் வேலைத்திட்டத்தில், கிழமைக்கு நாலு நாள், "2.30 – 3.10 நடை" என்று எழுதியிருக்கிறது. பேசலாம், ஆனால் பாட முடியாது, அந்த வேகத்தில் நடக்கிறேன். அதன் பிறகும் ஒரு மணித்தியாலம் படுக்கலாம்.

பெரியவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை இப்படியான அசைவு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. முன்பு ஒரே தடவையில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றார்கள். இப்போது அந்த நிபந்தனை இல்லை. இரண்டு தரிப்பிடம் முன்னதாக இறங்கி நடப்பதும் கணக்கில் சேரும். பிள்ளை தமிழ்ப் பாடசாலையில் இருக்கும்போது காருக்குள் இருந்து கைத்தொலைபேசி பார்க்கிறோமே, அந்த நேரமும் சேரும்.

இனி, வீட்டுப் பெண்களின் பக்கம். என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை. அவர் வேலையால் வந்து சமைத்து, பிள்ளைகளைப் பார்த்து முடிய இரவு ஒன்பது மணி. "நீங்களும் நடவுங்கோ" என்று நான் சொன்னபோது, "அப்ப ஆர் சமைக்கிறது?" என்று கேட்டார். வேலையில் நூறு பேருக்குச் சமைக்கிறவன், வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கவில்லை! இப்போது என் விடுமுறை நாட்கள் இரண்டிலும் அடுப்படி என்னுடையது. தாளில் மனைவிக்கும் இரண்டு வரி வந்தது. தாய்மாருக்கு நேரம் தானாக வராது, தகப்பன்மார் விட்டுக்கொடுக்க வேண்டும்.

வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு காட்டுக்குள் இருக்கும் வீற்றா பார்கூர் பாதைக்குப் போகிறோம். 1968இல் சூரிச்சில் தொடங்கிய இந்தப் பாதைகள் இன்று சுவிஸ் முழுவதும் ஏறக்குறைய ஐந்நூறு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பதினைந்து இடங்களில் நீலப் பலகையில் படம் போட்டு, என்ன பயிற்சி என்று காட்டியிருக்கும். மொழி தெரியத் தேவையில்லை. ஒரு ராப்பனும் கட்டத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் அசைவு வேண்டும். அவர்கள் எங்கள் சொல்லைக் கேட்பதைவிட எங்கள் செயலைப் பார்க்கிறார்கள்.

நான் ஒழுங்கானவன் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு மார்கழியும் விருந்துக் காலத்தில் திட்டம் குழம்பும். தை மாதத் தாளில் திரும்ப எழுதுவேன். என் சீனி இப்போது 5.8. பெரிய வெற்றி இல்லை, ஆனால் ஏறவில்லை.

ஒரு எச்சரிக்கை. சீனிக்கு மருந்து எடுப்பவர்கள், இதய வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சு இறுகினால் பொறுத்துப் பார்க்காமல் 144ஐ அழையுங்கள்.

என்னோடு கோப்பை கழுவிய நண்பர் ஒருவர் ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பால் போனார். மகளின் பட்டமளிப்பைப் பார்க்க அவர் இருக்கவில்லை. போருக்குத் தப்பி வந்தது பிள்ளைகள் வளர்வதைப் பார்க்கத்தானே? இன்று இரவு உங்கள் வேலைத்திட்டத் தாளை எடுங்கள். பேனையால் ஒரு வரி எழுதுங்கள்.