பானை எங்கே இருக்கு?
(மாணவர் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



'நம்ம கொள்கைக்கு ஒத்துவர்ற இடமாப் பார்த்து வேலைக்குச் சேரணும்'னு காலையில ஒரு தம்பி சொன்னார். நியாயந்தான். ஆனா அப்பிடி ஒரு இடம் நமக்குன்னு காலியாக் கிடக்குதா?

அண்ணலையே எடுத்துக்குங்க. 1917. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்கிறார். உதவித்தொகை கொடுத்த மன்னர் சீர்திருத்தக்காரர். மேலே எல்லாம் சரிதான். கீழே? பியூன் கோப்பைத் தூக்கி எறிகிறான். ஆபீசில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. பார்சிப் பெயரில் ஒரு விடுதியில் தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து துரத்துகிறார்கள். அன்று ராத்திரியே ரயிலேறி பம்பாய் திரும்புகிறார்.

1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர். அங்கே எல்லாம் படித்த கூட்டம். பேராசிரியர்களுக்கு வைத்த பானையில் இவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்களே ஆட்சேபிக்கிறார்கள். மன்னர் போய் பிரின்சிபால் வந்தார், பானை மட்டும் மாறல பாருங்க.

பரோடாவை விட்டு வந்தது தோல்வி இல்லை. மானம் போற இடத்தில உட்கார்ந்திருக்கணும்னு யாரும் நமக்குச் சொல்ல வேண்டாம். ஆனா விட்டுட்டு வர எல்லாராலும் முடியுமா?

பம்பாய் பஞ்சாலைகளில் நம்ம ஜனம் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தது. கூலி அதிகம் கிடைக்கிற நெசவுப் பிரிவில் மட்டும் இடமில்லை. அறுந்த நூலை வாயால் உறிஞ்சி எடுக்கணும், எச்சில் படும், தீட்டு! தடுத்தது முதலாளி இல்லை தோழர்களே, கூட நின்று செங்கொடி பிடித்த சாதி இந்துத் தொழிலாளி. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் சங்கத் தலைவர்களிடம் கறாராகச் சொன்னார்: இந்த உரிமையைக் கோரிக்கையில் சேருங்கள், இல்லாவிட்டால் எங்கள் ஆட்களை வர வேண்டாம் என்பேன். அரை மனசோடு சேர்த்தார்கள். ஆலை முதலாளிகள் என்ன சொன்னாங்க தெரியுமா? இது அநியாயம்னா அதுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு. அந்த ஒரு விஷயத்தில் முதலாளி பேசியது நிஜம். என்ன கேவலம்!

1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டிலும் இதைத்தான் எடுத்தார். நம்ம ஆள் கேங்மேனாகவே கிடந்து சாகிறான், போர்ட்டராக்கூட ஆக முடியலை. ஏன்? போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்யணும். வீட்டுக்குள்ள எப்பிடி விடுவான்? பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டும் எதிரி என்று அவர் சொன்னது அந்த மேடையில்தான்.

அதனால வேலைக்குப் போற இடத்தில சுவரில் மாட்டியிருக்கிற வாசகத்தைப் படிச்சு ஏமாறாதீங்க. பானை எங்கே இருக்குன்னு பாருங்க. கக்கூஸ் கழுவுறது யாரு, அவங்க சங்கத்தில உறுப்பினரான்னு பாருங்க. நான் முதலில் சேர்ந்த ஆபீசில் முற்போக்குச் சங்கம், வாசலில் கொடி, எல்லாம் உண்டு. துப்புரவு வேலை பார்த்த அம்மாவுக்கு மட்டும் டீ தேங்காய்த் தொட்டியில். நாங்க மூணு பேர் சந்தா கட்ட மாட்டோம்னு நின்னோம். ஏழாவது மாசம் டம்ளர் வந்தது. அந்த அம்மா அதில் உடனே குடிக்கலை. ரெண்டு நாள் கழிச்சுத்தான் கையில எடுத்தாங்க.